சூரியனுக்குக் காவல் நிக்கிற பிள்ளைகளுக்கு

வா மக்கா, வா. முட்டத்துப் பாறைக்குக் கேமரா முக்காலி தூக்கிட்டு வாற பிள்ளைகளைக் கண்டா எனக்கு ஒரு தனிப் பிரியம். உங்களுக்கு முந்தி வந்தது செல்பிக் கூட்டம். அது கடலுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னுச்சு. நீங்களாவது முகத்தைக் காட்டுறீங்க. நீ வந்திருக்கிற வேலையும் லேசுப்பட்டது இல்லே. சூரியன் கடல்ல இறங்க நேரம் எடுக்குது, பாக்கிறவனுக்குப் பொறுமை கிடையாது, அதனால அதை முப்பது நொடியாச் சுருக்கி ஊருக்குக் காட்டப்போறேன்னு சொல்லுறே. நல்ல காரியம். ஊரும் அவசரத்துலதான் இருக்கு.

கிழவனுக்கு ஒரே ஒரு சந்தேகம். சூரியனோட அடி விளிம்பு கடலைத் தொட்டதுலேர்ந்து உச்சி விளிம்பு முங்குற வரைக்கும் எவ்வளவு நேரம்னு என்னிக்காவது மணி பாத்திருக்கியா? நம்ம பக்கம் ரெண்டு நிமிசமும் சில நொடியும். ஒரு பீடியைப் பத்தவச்சு ரசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆள் போய்ச்சேந்திருவார். நார்வேக்காரன் சுருக்கணும்னு சொன்னா அதுல நியாயம் இருக்கு. அங்க சூரியன், போறேன் போறேன்னு சொல்லிட்டு வாசப்படியிலயே நின்னு இன்னொரு கதை ஆரம்பிக்கிற விருந்தாளி. சரிஞ்சு சரிஞ்சுதான் இறங்கும். குமரி மாவட்டம் கிடக்கிறது 8 டிகிரி அட்சத்துல. இங்ஙன கிட்டத்தட்ட செங்குத்தா விழும், வடக்குப் பக்கமா ஒரு சின்னச் சாய்வு மட்டும் இருக்கும். இந்த ரெண்டு நிமிசத்தைத்தான் நீ சுருக்கப்போறே. 3 நொடிக்கு ஒரு படம்னு வச்சாலும் நாப்பது சொச்சம் படம் விழும். நொடிக்கு 25 படம்னு ஓட்டினா ரெண்டு நொடிகூடத் தேறாது. பாக்கிறவன் தும்மினா போச்சு.

இதைச் சொன்னதும் போன வாரம் ஒரு பையன் முக்காலியை மடக்கப் போயிட்டான். மடக்காதே மக்கா, இன்னும் சொல்லி முடிக்கல. சூரியன் முங்குறதைத்தான் படம் பிடிக்கணும்னு உனக்கு யார் சொன்னா?

அதுக்கு முந்தி ஊர் விவரம். தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நீளம். அதுல பெரும்பங்கு கிழக்கு பாத்த கரை. மெரினாவுல விடியக்காலம் சூரியன் கடல்லேர்ந்து எழும்பும், சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால போய் ஒளியும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் எல்லாம் அதே கதைதான். தனுஷ்கோடி மணல்திட்டு ஒரு விலக்கு. மத்தபடி சூரியன் கடல்ல விழுறதைப் பாக்கணும்னா எங்க எழுபது கிலோமீட்டர் சொச்சம் கரைக்குத்தான் வரணும். 1956 நவம்பர் 1-ல திருவிதாங்கூர் கொச்சியிலேர்ந்து எங்களைப் பிரிச்சு உங்களோட சேத்தப்போ, நெல்லும் ரப்பரும் மீனும் வந்துச்சுன்னு கணக்கு எழுதினாங்க. கடல்ல விழுற சூரியனும் சீதனமா வந்ததை யாரும் எழுதல.

சீதனம்னதும் எல்லாப் பயலும் கன்னியாகுமரி முனைக்கு ஓடுறான். ஐப்பசியிலேர்ந்து மாசி வரைக்கும் ஓடினா சரி, அங்ஙன கடல்லதான் இறங்கும். பங்குனி தாண்டினா சூரியன் வடக்கே நகந்து கரைப்பக்கமா இறங்க ஆரம்பிச்சிரும். சித்திரை பௌர்ணமிக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுறதைப் பாக்கக் கூட்டம் கூடுமே, அதுக்கு அந்த முனை நல்ல இடம்தான். முட்டத்துல கரை வடமேற்கா வளைஞ்சு குளச்சல் பக்கம் போகுது. அதனால இங்ஙன அனேகமா வருசம் முழுக்கக் கடல்தான். பாரதிராஜா 1981-ல 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தது இதே முட்டத்துலதான். அவருக்கே சூரியன் ரீடேக் குடுத்திருக்காது.

நேரத்தைப் பத்தி ஒரு நயமான யோசனை சொல்லுறேன். போன்ல 'இன்று சூரிய அஸ்தமனம் 6.02'னு காட்டுதா? நீ சரியா 6 மணிக்கு பைக்கை நிறுத்து, டீ குடி, 6.01-க்கு முக்காலியை விரி. அற்புதமா சூரியன் இல்லாத ஒரு படம் கிடைக்கும். அப்படி வேண்டாம்னா ஒரு மணி நேரம் முந்தி வா. கார்த்திகையில சூரியன் 6 மணிக்கெல்லாம் போயிரும், ஆடியில 6.40 தாண்டும். மணிக்கூடு மறந்துட்டா கையை நீட்டி முஷ்டியை மடக்கு. நீட்டின கையில மடக்கின முஷ்டி பத்து டிகிரி. கடலுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒரு முஷ்டி நின்னா நாப்பது நிமிசம் பாக்கி. அதே முஷ்டியால வருசக் கணக்கும் பாக்கலாம். ஆனிக்கும் மார்கழிக்கும் நடுவுல சூரியன் விழுற இடம் வடக்கேயிருந்து தெக்கே ஏறக்குறைய அஞ்சு முஷ்டி தூரம் நடக்கும். போன மாசம் எந்தப் பாறைக்கு நேரா விழுந்துச்சோ அங்ஙனயேதான் இன்னிக்கும் விழும்னு குறி வச்சு நிக்கிறவனைக் கண்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு வெத்திலை போடுவேன்.

கருவியைப் பத்தியும் கேட்டுக்கோ. கிழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காதே, என் பேரன் கல்யாண வீடு கல்யாண வீடா வீடியோ எடுக்கிறவன், அவன் வாயைப் பிடுங்கி வச்சிருக்கேன். முதல் காரியம், ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைச்சிரு. அதை விட்டுவச்சா, வானம் சிவக்கச் சிவக்க அந்தக் கருவி 'அய்யோ நிறம் கெட்டுப்போச்சு'ன்னு பதறி நீலத்தைக் கலந்து சரிபண்ணும். அதைப் பாக்கத்தான் சென்னையிலேர்ந்து ரயில்ல வந்தேன்னா தாராளமா விட்டுவை. வேண்டாம்னா வெயில் படம் போட்ட அடையாளத்துல நிறுத்து. போகஸையும் கையால வச்சுப் பூட்டிரு. இருட்டினதும் அது தானா எதையோ தேடிக் கண்ணைக் கண்ணை உருட்டும். போன்ல எடுக்கிறவன் திரையில விரலை அமுக்கிப் பிடிச்சா வெளிச்சமும் போகஸும் பூட்டிக்கிடும். பூட்டினா படம் துடிக்காது, ஆனா கடைசியில இருட்டாப் போகும். பூட்டாட்டா கடைசி வெளிச்சம் கிடைக்கும், நடுவுல மினுக்கும். ரெண்டுல ஒண்ணு. பெரிய கேமராக்காரன் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்தைக் கூட்டிட்டு வந்து, வீட்டுல கம்ப்யூட்டர்ல உக்காந்து மினுக்கலை நெரவி எடுக்கான்.

போனை ஏரோபிளேன் மோடுல போடவும் மறந்திராதே. இல்லேன்னா சூரியன் தண்ணியைத் தொடும்போது கரெக்டா ஒரு கடன் கம்பெனிக்காரி கூப்பிடுவா.

அடுத்தது கடல். உங்க படங்கள்ல கடல் ஏன் அப்படி நடுங்குது? ஒரு பிள்ளை காட்டினா, அலையெல்லாம் வெடவெடன்னு உதறுது. கடலுக்குக் குளிர்காய்ச்சலான்னு கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துருச்சு. விசயம் இதுதான். ஒவ்வொரு படமும் நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் திறந்து மூடுது, அடுத்த படத்துக்குள்ள அலை வேற எங்கயோ போயிருது. திறந்திருக்கிற நேரத்தை ஒரு நொடி, ரெண்டு நொடின்னு கூட்டினா அலை ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு மெழுகிவிட்டாப்போல ஓடும். வெளிச்சம் கூடிப்போகாம இருக்க லென்சுக்கு முன்னால கறுப்புக் கண்ணாடி மாட்டணும், என்டி பில்டர்ங்கிறாங்களே, அது. இல்லேன்னா கடலைக் கொஞ்சமாவும் வானத்தை அதிகமாவும் வச்சு எடு. அது செலவில்லாத வைத்தியம்.

முக்காலியை எங்ஙன ஊணுவேன்னு கேக்கவே வேண்டாம், நேரா அலை வந்து தொடுற ஈர மணல்லதான் ஊணுவே. அங்ஙனதானே பிரதிபலிப்பு ஜோரா விழும். கொஞ்சம் குனிஞ்சு அந்தக் காலைப் பாரு. அலை ஏறும்போது ஒண்ணும் ஆகாது. திரும்பி இறங்கும்போது காலைச் சுத்தி மணலை உருவிட்டுப் போகும். கடல் பக்கமா ஒரு சின்னக் குழி விழும், சங்கு அளவுக்கு. அடுத்த அலை அந்தக் குழியை மூடி நல்லபிள்ளையா நடிக்கும். பத்து அலை வந்துட்டுப் போனா கால் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். உன் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் ஓட்டிப் பாப்பே, அரபிக்கடல் மொத்தமும் குளச்சல் பக்கமா மெல்லச் சாஞ்சு வடிஞ்சுக்கிட்டிருக்கும். காய்ஞ்ச இடத்துல, பாறையில ஊணு. நடுவுல ஒரு பையைக் கட்டி அதுல மணலை அள்ளிப் போட்டுத் தொங்கவிடு, காத்துக்கு அசையாது. கறுப்பு மணலா அள்ளு, கனமா இருக்கும். மணவாளக்குறிச்சியில அதைத்தான் அள்ளி அரிச்சு அரசாங்கமே விக்குது, உனக்கு இங்ஙன சும்மா கிடக்கு. திரும்பிப் போறப்போ அதைத் தட்டிக் கொட்டிட்டுப் போ. முக்காலி மூட்டுக்குள்ள ஏறினா அப்புறம் அது முக்கிட்டேதான் விரியும்.

வலை காயப்போட்டிருக்கிற இடத்துலயும் ஊணாதே. கலையம்சம் இருக்குன்னு சொல்லுவே. அந்தக் கலையம்சத்துல உன் முக்காலிக் கால் சிக்கினா, அதை அறுத்து எடுக்கிறது யார், அப்புறம் முடையிறது யார்?

உப்பு வேற இருக்கு. சாயங்காலம் கடல்காத்துல பொடிப்பொடியா உப்புத்தண்ணி வந்து லென்சுல ஒட்டும். காய்ஞ்சதும் ஒரு மங்கல். நீ என்ன செய்வே, ஹான்னு வாயால ஊதி, சட்டைத் தும்பால தேச்சு விடுவே. உப்புப் பரலை வச்சுக் கண்ணாடியைச் சாணை பிடிக்கிற வேலை அது. நல்ல தண்ணியில லேசா நனைச்ச பஞ்சுத் துணியால ஒத்தி எடு. ஒரு குப்பித் தண்ணி கொண்டு வா. குடிக்கவும் ஆகும்.

இனி நையாண்டி இல்லாத ஒரு சங்கதி. பாறை நுனிக்குப் போகாதே. முட்டத்துப் பாறை காய்ஞ்சு கிடக்கிற இடம் வரைக்கும்தான் உன்னுது. பச்சை படிஞ்ச இடம் கடலோடது. காத்து இல்லே, மேகம் இல்லே, கடல் குளம்போலக் கிடக்குன்னு நம்பாதே. தெக்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால புயல்ல கிளம்பின அலை, சில நாள் கழிச்சு, ஒரு அறிகுறியும் காட்டாம இங்ஙன வந்து ஏறும். கள்ளக்கடல்னு பேரு. சித்திரை, வைகாசியில அதிகம். 2024 மே 6-ஆம் தேதி, இங்ஙனயிருந்து கொஞ்ச தூரத்துல, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில டாக்டருக்குப் படிச்ச பிள்ளைகள் அஞ்சு பேரைக் கொண்டுபோச்சு. முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. ஐதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் நிலையம் அலை எவ்வளவு உயரும்னு அறிவிக்கும், போன்ல பாக்கலாம். நீ சூரியன் விழுற நேரத்தைப் பாக்கிற அதே போன்லதான். அங்ஙனயும் ஒருக்கா பாத்துட்டு வா.

சரி, முகத்தைத் தொங்கப்போடாதே. இப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வாறேன். சூரியன் முங்குறதை எடுக்காதேன்னா, பின்னே எதை எடுக்கிறது?

1910-லயே இங்கிலாந்துல பெர்சி ஸ்மித்னு ஒருத்தர் பூ விரியிறதை இப்படி விட்டு விட்டுப் படம் பிடிச்சு ஓட்டிக் காட்டினார். பூ விரியிறதை உக்காந்து பாக்க ஒரு மனுசனாலயும் முடியாது, அதுக்குச் சுருக்குறது தேவை. சூரியனை எவனும் பாத்துருவான். பாக்க முடியாதது அதுக்கு மேல இருக்கு, மேகம். நாங்க கட்டுமரத்துல பாய் வச்சுப் போன காலத்துல மேகத்தைப் பாக்கத் தெரியாதவனைக் கடலுக்கே கூட்டிட்டுப் போகமாட்டாங்க. கீழ்மேகம் ஒரு பக்கம் போகும், மேல்மேகம் வேற பக்கம் போகும். ரெண்டும் எதிரெதிராப் போனா காத்து மாறப்போகுதான்னு பெரியவன் யோசிப்பான். அதைக் கண்டுபிடிக்க ஒரு பாறையைக் குறி வச்சு மத்தியானம் முழுக்க அண்ணாந்து கிடக்கணும், கழுத்து பிடிச்சுக்கிடும். என் பேரன் ஒரு நாள் போன்ல ஓட்டிக் காட்டினான். கீழே பஞ்சுப்பொதி கிழக்கேயிருந்து மேற்கே ஓடுது, அதுக்கு மேல மீன்செதில் மேகம் சாவகாசமா வடக்கே நகருது. முப்பது நொடி. எனக்கு வருசக்கணக்கா ஆன படிப்பு. அன்னிக்கு அந்தக் கருவியைக் கொஞ்சம் மரியாதையாத்தான் பாத்தேன், அவன்கிட்ட காட்டிக்கல.

ஆகவே மேகம் இருக்கிற நாளாப் பாத்து வா. துடைச்சுவிட்ட வானம் வேண்டாம். சிவக்கிறதுக்கு அங்ஙன ஏதாவது இருக்கணும்லா? ஐப்பசி மழை விட்ட மறுநாள் சாயங்காலம், தூசி கழுவிப்போன காத்து, உச்சியில கீறல் கீறலா மேகம், அது போதும். ஆனி ஆடியில வந்து மேகம் இருக்கேன்னு சந்தோசப்படாதே. அது கடல்வரைக்கும் அடைச்சுக்கிட்டு நிக்கிற மேகம். அப்போ ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்கும் தடை, படத்துல ஓரமா ஒரு விசைப்படகு வெளிச்சம்கூட வந்து விழாது.

இன்னொரு கள்ளத்தனம் சொல்லித்தாறேன். சூரியன் கடலைத் தொடுதுன்னு எல்லாரும் கத்துற நேரத்துல, அசல் சூரியன் கடலுக்குக் கீழே இறங்கியாச்சு. காத்து வெளிச்சத்தை வளைச்சுத் தூக்கிக் காட்டுறதால நமக்கு அது மேலே இருக்கிறதாத் தெரியுது. ஒரு முழுச் சூரியன் அளவுக்குத் தூக்கிக் காட்டுதாம். அந்த வெளிச்சமும் கிளம்பி எட்டு நிமிசம் தாண்டின பழைய வெளிச்சம். ஆகமொத்தம் ஆள் இல்லாத வீட்டைத்தான் எல்லாரும் கூடி நின்னு படம் பிடிக்கீங்க. கரையில நின்னு சூரியன் மறைஞ்சதும் சட்டுன்னு இருபது மீட்டர் உயரத்துக்கு ஏற முடிஞ்சா, இன்னொரு இருபது நொடிக்கு அதைப் பாக்கலாம். உசரம் கூடக் கூட, தெரியிற கடலும் கூடும்லா. ஏறத்தான் முடியாது. மூச்சிரைக்க நிக்கும்போது அதுவும் போயிருக்கும்.

சூரியன் போனதும் கூட்டம் என்ன செய்யும்னு தினமும் பாக்கேன். கைதட்டுவாங்க, மணலைத் தட்டுவாங்க, கிளம்பிருவாங்க. பஜ்ஜிக் கடைக்காரனுக்கு அந்த நேரம்தான் யாவாரம். முக்காலிக்காரன்ல பாதிப்பேரும் அப்போவே கேமராவை அணைச்சு மடக்கிருவான். பணம் குடுத்து வாங்கின டிக்கெட்டுல இடைவேளையோட எழும்பிப் போற பயல்கள். நிறம் ஏறுறதே அதுக்குப் பிறகுதான். அடியிலேர்ந்து வெளிச்சம் பட்டு மேல்மேகம் முதல்ல மஞ்சளாகும், அப்புறம் செம்பருத்தி, அப்புறம் ஊதா. கீழே கிழக்குப் பக்கமாத் திரும்பிப் பாத்தா பூமியோட நிழல் நீலமா எழும்பி வாறதும் தெரியும். நம்ம ஊர்ல இது இருபது நிமிசம் பக்கம் நிக்கும், சூரியன் நேரா விழுறதால அதுக்கு மேல தாங்காது. அப்புறம் லைட் ஹவுஸ் வெளிச்சம் சுத்தும், படகு விளக்கு ஒண்ணொண்ணாக் கடல்ல முளைக்கும். இதெல்லாம் சேந்தாத்தான் உன் படம் படமாகும்.

கணக்குப் போட்டுப் பாரு. முந்தி ஒரு மணி நேரம், பிந்தி அரை மணி நேரம். 3 நொடிக்கு ஒண்ணுன்னா 1800 படம், ஓட்டினா 72 நொடி. 5 நொடிக்கு ஒண்ணுன்னா 1080 படம், 43 நொடி. ஐபோன்காரனுக்குக் கணக்கே வேண்டாம், நீ அரை மணி நேரம் நின்னாலும் ரெண்டு மணி நேரம் நின்னாலும் அது தானாகவே குறைச்சு இருபதுலேர்ந்து நாப்பது நொடிக்குள்ள அடக்கிக் குடுத்துரும். எப்படிப் பாத்தாலும் ஊருக்கு ஒரு நிமிசத்தை மிச்சம் பிடிச்சுக் குடுக்க நீ ஒன்றரை மணி நேரம் இங்ஙன காவல் நிக்கணும்.

எனக்கு உங்களைப் பிடிக்கிற காரணமும் அதுதான். போன் முக்காலி மேல வேலையா இருக்கு. தொட்டா படம் ஆடிரும், அதனால தொட முடியாது. கையில ஒண்ணும் இல்லாம ஒன்றரை மணி நேரம் உக்காந்திருக்கிற ஒரு வாலிபனை இந்தக் காலத்துல வேற எங்ஙன பாக்க முடியும்? முதல் பத்து நிமிசம் வெறும் கையைத் தடவிக்கிட்டிருப்பான். அப்புறம் நகத்தைக் கடிப்பான். அதுக்குப் பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி, 'தாத்தா, அந்த வள்ளம் எங்க போகுது?'ன்னு கேப்பான். அதுக்காகத்தான் நானும் இந்தப் பாறையில காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்கிட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு மேலயே சரக்கு இருக்கு.

இன்னிக்கு மேகம் இல்லே, போயிட்டு வா. மழை விட்ட மறுநாள் அஞ்சு மணிக்கெல்லாம் பாறை மேல வந்துரு. கொண்டுவாற தண்ணிக் குப்பியைத் திரும்பக் கொண்டுபோ. நாகர்கோவில் வடசேரியிலதானே பஸ் ஏறுவே? சந்தையில ஒரு கவுளி வெத்திலை வாங்கிட்டு வா. பாக்கும் சுண்ணாம்பும் என்கிட்ட இருக்கு.